தோட்டப் பாத்தியில் மூங்கில்: கன்று வாங்குவதிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

வேலியோரம் பச்சைத் திரை போல நிற்கட்டும் என்று ஒரு மூங்கில் கன்று வாங்கி வைத்தேன். பிடித்துக்கொண்டது, தளதளவென்று வந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டுப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருடம் நடைபாதைக் கல் ஒன்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. புரட்டிப் பார்த்தால் அடியில் கொம்பு மாதிரி ஒரு குருத்து. கன்று நட்ட இடம் அங்கிருந்து நாலு மீட்டர் தள்ளி. அந்தக் கிழங்கைத் தோண்டித் தொலைக்க ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. கன்றுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கூலிக்குக் கொடுத்தேன்.

பிறகு அதே பாத்தியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது நிற்கிற புதர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நடுவில் நான் எங்கெல்லாம் சறுக்கினேனோ அங்கெல்லாம் நீங்கள் சறுக்காமல் இருக்கத்தான் இது. முதல் இரண்டு படிகளும் மண்வெட்டியைத் தொடும் முன்பே செய்ய வேண்டியவை. அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. கொத்தா, ஓடுகிறதா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூங்கில் ஒரு புல். தரைக்கு மேலே தெரியும் கழியைப் பார்த்து நாம் மயங்குகிறோம். அதன் குணத்தைத் தீர்மானிப்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. இந்தக் கிழங்கு இரண்டு விதம்.

கொத்து மூங்கிலில் கிழங்கு குட்டையாக, தடியாக இருக்கும். கொஞ்ச தூரம் போய் மேல்நோக்கி வளைந்து அதுவே அடுத்த கழியாக எழுந்துவிடும். அதனால் புதுக் கழி பழைய கழிக்குப் பக்கத்திலேயே வரும், புதர் மெதுவாகத்தான் அகலும். பாம்பூசா, டென்ட்ரோகலாமஸ், ஃபார்கேசியா ஆகிய பேரினங்கள் இந்த விதம்.

ஓடும் மூங்கிலில் கிழங்கு மெல்லியது. மண்ணுக்கடியில் கிடையாக ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் கணுவில் இருக்கும் மொட்டு கழியாக மேலே வரும், நுனி மட்டும் நிற்காமல் முன்னே போகும். இடமும் ஈரமும் கிடைத்தால் ஒரே ஆண்டில் சில மீட்டர் போய்விடும். ஃபைல்லோஸ்டாகிஸ், சாசா, ப்ளையோப்ளாஸ்டஸ் இந்த விதம்.

விற்பவர் சொல்லும் பெயரை நம்பி வாங்கியதுதான் என் முதல் தவறு. "பொன் மூங்கில்" என்ற பெயரில் ஃபைல்லோஸ்டாகிஸ் ஆரியாவும் விற்கிறார்கள், பாம்பூசா வல்காரிஸின் மஞ்சள் ரகத்தையும் விற்கிறார்கள். முதலாவது ஓடும், இரண்டாவது கொத்து. "கறுப்பு மூங்கில்" கதையும் அப்படியே: ஃபைல்லோஸ்டாகிஸ் நைக்ரா ஓடும், ஜைகாண்டோக்ளோவா அட்ரோவயலேசியா கொத்தாக நிற்கும். போதாததற்கு நைக்ராவின் இளங்கழி பச்சையாகத்தான் வரும். கறுக்க ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. கழியில் கிளை பிரியும் கணுவுக்கு மேலே விரலை வைத்துத் தடவுங்கள். அங்கிருந்து அடுத்த கணு வரை நீளமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டு, கணுவுக்கு இரண்டு பெரிய கிளைகள் மட்டும் இருந்தால் அது ஃபைல்லோஸ்டாகிஸ், அதாவது ஓடும் மூங்கில். கழி உருண்டையாக, கணுவுக்கு ஒரு கற்றை போலப் பல கிளைகள் இருந்தால் பெரும்பாலும் கொத்து. இதோடு நிறுத்தாமல் தொட்டியைச் சாய்த்து அடித்துளைகளையும் பாருங்கள். வெள்ளையாகக் கூர்நுனியோடு ஒரு தண்டு வெளியே எட்டிப் பார்த்தாலோ, தொட்டி சுவரை ஒட்டிச் சுற்றி வந்திருந்தாலோ அது ஓடுகிற ஜாதி.

மூங்கிலே அல்லாதவையும் மூங்கில் பெயரில் இருக்கின்றன. மேசையில் தண்ணீர்க் குடுவையில் வைக்கும் "லக்கி பாம்பூ" டிரசீனா இனத்துச் செடி. "ஹெவன்லி பாம்பூ" என்பது நாண்டினா என்ற புதர்ச்செடி. கீழே சொல்லும் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

முதல்முறை வைப்பவருக்கு என் யோசனை: உங்கள் தட்பவெப்பத்துக்கு ஒத்துப்போகும் கொத்து மூங்கில். வெப்பமான இடம் என்றால் பாம்பூசாவில் பாருங்கள். டென்ட்ரோகலாமஸ் அழகுதான், ஆனால் அந்த இனத்தில் பல மரத்தின் உயரத்துக்குப் போகும். வீட்டுப் பாத்திக்கு அது அடங்காது. கடுங்குளிர் பிரதேசம் என்றால் ஃபார்கேசியா. அதில் பல வகைகள் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஆனால் கொளுத்தும் வெயிலில் சுருண்டுவிடும். ஓடும் மூங்கில்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், நான்காம் படியில் சொல்லும் தடுப்பையும் அதே நாளில் வாங்குங்கள். "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்பவர்கள் யாரும் போடுவதில்லை. நானும் போடவில்லை.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு செடி வைக்கக் காகிதமா என்று சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டுத் தரைக்குள் குருத்து முளைத்த பிறகு சிரிப்பு வராது.

முதலாவது ரசீது. அதில் தாவரவியல் பெயரை முழுதாக எழுதி வாங்குங்கள்: பேரினம், சிற்றினம், ரகம் மூன்றும். "மூங்கில் 1" என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. கன்றில் தொங்கும் அட்டையையும் அங்கேயே படம் எடுத்துவிடுங்கள். இரண்டு மழையில் எழுத்து அழிந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் இடத்தின் எல்லை காட்டும் வரைபடம். வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயு எங்கே போகின்றன என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தடுப்புக்கான பள்ளம் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகும். கடப்பாரை கம்பியில் படுவதற்கு அது போதும்.

மூன்றாவது, உள்ளாட்சி விதி. ஓடும் மூங்கிலைச் சில இடங்களில் பரவும் களைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வைக்கத் தடையோ, எல்லையிலிருந்து இத்தனை தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோ இருக்கலாம். வாங்கும் முன் கேளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேறு நாட்டிலிருந்து கன்றோ கிழங்கோ வரவழைப்பதானால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் எல்லையில் நின்றுவிடும்.

3. இடம் பார்ப்பது, பாத்தி எடுப்பது

பெரும்பாலான பாம்பூசா, ஃபைல்லோஸ்டாகிஸ் வகைகளுக்கு ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஃபார்கேசியாவுக்கு அரை நிழல்.

சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிறிய கொத்து வகை என்றாலும் முதிர்ந்தால் அடிப்பாகமே ஒரு மீட்டர் அகலம் வரும், மேலே கழிகள் அதைவிட அகலமாக வளைந்து சாயும். சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். சுற்றிவந்து கழி வெட்ட உங்களுக்கும் இடம் வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. வேலித் திரையாக வரிசையில் வைப்பதானால் சிறிய கொத்து வகைக்குக் கன்றுக்குக் கன்று 1 முதல் 1.5 மீட்டர். நெருக்கி வைத்தால் சீக்கிரம் மறைக்கும், சீக்கிரம் நெருக்கடியும் வரும்.

அடுத்து வடிகால். மூங்கிலுக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் ஒரு கன்றை அழுகவிட்டேன். 30 சென்டிமீட்டர் ஆழக் குழி எடுத்து நீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் இறங்கினால் நல்லது. மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே குழி வெட்டி நடக்கூடாது; 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள்.

மண் லேசான அமிலத்தன்மையோடு இருந்தால் போதும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. இதற்காகப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. களிமண்ணோ மணலோ, நன்றாக மக்கிய தொழு உரமோ இலைமட்கோ கலந்து பாத்தி முழுவதையும் ஒரு மண்வெட்டி ஆழம் கொத்திவிடுங்கள். குழியில் மட்டும் நல்ல மண் போட்டுச் சுற்றிலும் இறுகிய களிமண்ணை விட்டால் அது தொட்டி மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

4. தடுப்பு: ஓடும் வகைக்கு மட்டும்

கொத்து மூங்கில்காரர்கள் ஐந்துக்குப் போய்விடலாம். மற்றவர்கள் நின்று படியுங்கள், இதுதான் செலவும் வேலையும் அதிகம் பிடிக்கும் இடம்.

வேண்டியது எச்.டி.பி.இ. தகடு, அதாவது அடர்த்தியான, கெட்டியான பாலித்தீன் பிளாஸ்டிக். குறைந்தது 1.5 மில்லிமீட்டர் கனம், 60 முதல் 75 சென்டிமீட்டர் அகலம். தார்ப்பாய், களைத்துணி, பழைய தகரம் எதுவும் நிற்காது. கிழங்கின் நுனி ஊசி போலக் குத்திக்கொண்டு போகும். செங்கல் சுவரிலும் ஒரு சின்ன விரிசல் போதும்.

எவ்வளவு நீளம்? வட்டப் பாத்தி என்றால் குறுக்களவை 3.14 ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர் வட்டத்துக்கு ஏறக்குறைய 9.5 மீட்டர், இணைப்புக்கு மேற்கொண்டு 30 சென்டிமீட்டர். 2 க்கு 4 மீட்டர் பாத்தி என்றால் 12 மீட்டரும் இணைப்பும். மூலைகளைக் கூராக மடிக்காமல் வளைத்து விடுங்கள். கிழங்கு மூலையில் போய் முட்டித்தான் வழி தேடும்.

பள்ளத்தைச் சுற்றிலும் தோண்டித் தகட்டை நிறுத்தும்போது இரண்டு விஷயம். மேல்விளிம்பு தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தகடு நேராக நிற்காமல் மேல்பக்கம் சற்று வெளியே சாய்ந்திருக்க வேண்டும். முட்டுகிற கிழங்கு அப்போது கீழே போகாமல் மேலே ஏறிக் கண்ணில் படும். தடுப்பு கிழங்கைக் கொல்லாது, மேலே கொண்டுவந்து காட்டும். வெட்டுவது உங்கள் வேலை. அழகுக்காக விளிம்பை மண்ணால் மூடினால் கிழங்கு அந்த மண் வழியாகவே தாண்டிப் போய்விடும்.

இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து உலோகப் பட்டையும் திருகும் போட்டு இறுக்குங்கள். ஒட்டுநாடா போதும் என்று சொன்ன கடைக்காரர் ஒருவர் எனக்குக் கிடைத்தார். அது ஒரு வருடம் தாங்கியது. பள்ளத்தை மூடும்போது அடிமண்ணை நன்றாக மிதித்து இறுக்குங்கள். நல்ல பொலபொல மண்ணும் மட்கும் மேல் 30 சென்டிமீட்டரில் மட்டும் இருக்கட்டும். கிழங்கு நல்ல மண் இருக்கும் மட்டத்திலேதான் ஓடும், அதை நாமாகக் கீழே அழைக்கக்கூடாது.

தகட்டுக்குப் பணம் இல்லையென்றால் பாத்தியைச் சுற்றி 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் திறந்த வாய்க்கால் எடுத்து வைக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக் கடைசியிலும் அடுத்த குருத்துக் காலத்துக்கு முன்பும், வாய்க்காலைக் கடக்கும் கிழங்குகளை வெட்ட வேண்டும். செலவு கம்மி, ஆனால் ஒரு வருடம் மறந்தால் எல்லாம் போயிற்று.

5. கன்று தேர்வும் நடவும்

உயரமான கன்றுக்கு அதிக விலை சொல்வார்கள். கொடுக்காதீர்கள். ஒரு கழி வளர்ந்து முடிந்தபின் அது உயரவும் செய்யாது, பருக்கவும் செய்யாது. இன்று இரண்டு மீட்டர் நிற்பது பத்து வருடம் கழித்தும் அதே இரண்டு மீட்டர்தான். உங்களுக்கு வேண்டியது வேர்க்கட்டியில் உயிருள்ள கிழங்கு மொட்டுகளும், வேறுவேறு வயதுள்ள மூன்று நான்கு கழிகளும். வேர் தொட்டிக்குள் கல்லாக இறுகிப்போனதை விட்டுவிடுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், காரணம் பத்தாம் படியில்.

வண்டியில் கொண்டுவரும்போது இலைகளைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். திறந்த வண்டியில் அரை மணி நேரக் காற்று போதும், இலை காய்ந்துவிடும்.

நடும் காலம்: வெப்பமான இடங்களில் மழை தொடங்கும் சமயம். பனி விழும் இடங்களில் கடைசிப் பனி போனபின் வசந்தத்தில். குளிருக்கு முன் வேர் பிடிக்க அதற்கு மாதங்கள் வேண்டும்.

தொட்டியோடு கன்றை ஒரு வாளி நீரில் குமிழி நிற்கும் வரை முக்கி எடுங்கள். குழி வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் அதே அளவு. கன்று தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நிற்க வேண்டும். மண்ணைக் கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்காதீர்கள். குருத்து மொட்டு ஒடியும். காற்று அடிக்கும் இடம் என்றால் முதல் ஆண்டு ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

6. தண்ணீர்

முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு வாளி, அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நிதானமாக, ஆழமாக. இரண்டாம் ஆண்டிலிருந்து மழையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

இலை உங்களிடம் பேசும். நீளவாட்டில் குழல் போலச் சுருண்டால் தாகம். நீர் விட்ட சில மணி நேரத்தில் விரிந்துவிடும். சுருளாமல் தொங்கி, மஞ்சளடித்து, விரலை விட்டால் மண் சேறாக இருந்தால் நீர் அதிகம். உச்சி வெயிலில் கொஞ்சம் சுருள்வது சகஜம், மாலையிலும் சுருண்டிருந்தால் குழாயைத் திறங்கள்.

7. மூடாக்கும் உரமும்

8 சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்தூள், வைக்கோல், காய்ந்த இலை எதையாவது பரப்புங்கள், கழியின் அடியைத் தொடாமல். உதிரும் மூங்கில் இலைகளைப் பெருக்கி எறியாதீர்கள். அதில் சிலிக்கா இருக்கிறது, மூங்கில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

புல் என்பதால் தழைச்சத்துதான் அதிகம் கேட்கும். நட்ட முதல் இரண்டு மாதம் எந்த இரசாயன உரமும் வேண்டாம். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, குருத்துக் காலத்துக்குச் சற்று முன் ஒருமுறை, வளர்ச்சி நடுவில் ஒருமுறை. புல்தரைக்கு விற்கும் மெதுவாகக் கரையும் உரம் போதும், ஆனால் களைக்கொல்லி கலந்த பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். குளிர் வரும் முன் உரம் போட்டால் இளங்குருத்து கிளம்பிப் பனியில் கருகும்.

8. எப்போது என்ன எதிர்பார்க்கலாம்

முதல் ஆண்டு மேலே ஒன்றும் நடக்காது. அது கீழே வேலை செய்துகொண்டிருக்கிறது. நான் பொறுமை இழந்து கிளறிப் பார்த்து இரண்டு மொட்டுகளை ஒடித்தேன்.

ஓடும் வகைகள் வசந்தத்திலும், வெப்பநாட்டுக் கொத்து வகைகள் கோடைக் கடைசியிலோ மழைக்காலத்திலோ குருத்து விடும். குருத்து எந்தப் பருமனில் தரையைக் கிழிக்கிறதோ கழியின் பருமன் அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அடுத்த ஆண்டு வருவது இதைவிடப் பெரிதாக இருக்கும், அதற்கடுத்தது இன்னும் பெரிது. திரையாக மறைக்க மூன்று ஆண்டாவது வையுங்கள்.

சில குருத்துகள் ஒரு சாண் உயரத்தில் நின்றுபோய் அழுகும். நோயென்று பயப்பட வேண்டாம், புதரே சிலவற்றைக் கைவிடும். காலையில் பாருங்கள்: உயிருள்ள குருத்தின் உறை நுனியில் நீர்த்துளி நிற்கும், கைவிட்டதில் இருக்காது. வசந்தத்தில் பழைய இலை மஞ்சளாகிக் கொட்டுவதும் இயல்புதான், பக்கத்திலேயே புது இலை சுருளாகத் தெரியும். இதைப் பார்த்து நான் ஒரு மூட்டை உரம் போட்டேன்.

9. கழி களைவது

மூன்றாம் ஆண்டு வரை காய்ந்ததைத் தவிர எதையும் வெட்டாதீர்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, குருத்து வராத காலத்தில், பழைய கழிகளைத் தரை மட்டத்தில் எடுங்கள். ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எது பழையது என்று பிறகு தெரியாது. புதுக் கழி வரும் ஆண்டிலேயே அதில் ஆண்டைப் பெயின்டால் எழுதிவிடுங்கள்.

வெட்டும்போது கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டுங்கள். கணுக்களுக்கு நடுவே வெட்டினால் மிஞ்சுவது ஒரு குவளை, அதில் மழைநீர் நின்று கொசு வளரும். உயரம் அதிகம் என்றால் நுனியை வெட்டலாம், அந்தக் கழி மறுபடி உயராது. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பல வகைகளின் குருத்துறையில் உள்ள சுணை தோலில் பட்டால் அன்று இரவு தூக்கம் இல்லை.

ஓடும் வகைக்காரர்கள் இதே சமயத்தில் தடுப்பைச் சுற்றி ஒருமுறை குனிந்து நடந்து, விளிம்பைத் தாண்டப் பார்க்கும் கிழங்குகளை வெட்டிவிடுங்கள்.

10. பூச்சி, நோய், பூ

இலையின் மேல்பக்கம் வெளிறிய சிறு கோடுகள், அடியில் மெல்லிய வெள்ளை வலை: மூங்கில் சிலந்திப்பேன். வலைக்குள் ஒளிந்திருப்பதால் மேலிருந்து தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. மோசமான கழிகளை வெட்டி எரித்துவிட்டு, மிச்சத்தை அடிப்பக்கமாக வேகமான நீரால் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசலை அடியில் படும்படி அடிக்க வேண்டும், வாரம் ஒருமுறை, மூன்று நான்கு தடவை. வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது, புது இலையைப் பார்த்துத்தான் குணமா இல்லையா என்று சொல்ல முடியும். கன்று வாங்கும்போதே அடியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இலையில் கரி படிந்தாற்போல இருந்தால் அது அசுவினியோ செதில்பூச்சியோ விட்ட தேன்துளியில் வளர்ந்த பூஞ்சை. பூச்சியை ஒழித்தால் கரி தானே போகும்.

இலையில் பச்சையும் மஞ்சளும் கலந்த தேமல் கோடுகள் வந்தால் மூங்கில் தேமல் வைரஸாக இருக்கலாம். மருந்து கிடையாது. பெரும்பாலும் வெட்டும் கத்தி வழியாகப் பரவும், ஆகவே ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போகும்போது கத்தியை ப்ளீச் கரைசலில் முக்குங்கள். கூலிக்கு வருபவர் தன் கத்தியைக் கொண்டுவந்தாலும் இதைக் கேளுங்கள்.

பூ பூப்பது அபூர்வம். பல வகைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும், பூத்த புதர் பெரும்பாலும் இறந்துவிடும். மலிவு விலையில் ஒரு கன்று கிடைத்து அதன் நுனிகளில் இலைக்குப் பதில் கதிர்கள் தொங்கினால் அதைத் தொடாமல் வாருங்கள்.